காடிக்குப் பூசணிக்கா, காலுக்குக் கட்டு

காடி, அதான் மோட்டார் காரு, உங்க மேல மோதிடுச்சுன்னா, மொதல்ல ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க. தாம்பாளத்தத் தூக்கிக்கிட்டு மன்னிப்புக் கேக்கப் போயிடாதீங்க. இதச் சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க. மோதுனவன்தானே மன்னிப்புக் கேக்கணும், அடிபட்டவ எதுக்குப் போவான்னு. சிரிங்க, நல்லா சிரிங்க. நாங்க போனோமே! வெத்தல, பாக்கு, தேங்கா, ஒரு சீப்பு ரஸ்தாளிப் பழம், எலுமிச்சம்பழம் நாலு. பழம் எங்க காசு. அதுதான் இன்னிக்கு வரைக்கும் எனக்கு வயித்தெரிச்சல்.

பாலோ டவுனுக்கு உள்ள தள்ளி ஒரு கித்தாத் தோட்டம், ரப்பர் தோட்டம். எங்க வீட்டுக்காரரும் நானும் அங்க பால் மரம் வெட்டிக்கிட்டு இருந்தோம். எனக்கு அப்ப இருவது வயசு இருக்கும், இல்ல ஒண்ணு ரெண்டு கூடவோ கொறையவோ. யாரு எழுதி வச்சா? கித்தா வெல விழுந்து, தோட்டம் தோட்டமா ஆளக் கொறச்சிக்கிட்டு இருந்த நேரம். நிறுத்துறதுன்னா சும்மா நிறுத்த மாட்டாங்க. செக்ரோல்ல, அதான் பேர் கூப்புடுற பெரிய புத்தகத்துல, பேர் மேல ஒரு கோடு. கோடு விழுந்தா லயத்து வீடு போச்சு, அரிசி போச்சு, நேரா சிங்கப்பூருக்குக் கொண்டுபோயிக் கப்பல்ல ஏத்தி ஊருக்கு அனுப்பிடுவாங்க. ஊர்ல எனக்கு யாரு? ஒரு அண்ணன் இருந்தான். வீட்டுல ஒரு வாய் கொறையட்டும்னு என்னக் கப்பல் ஏத்தி விட்டவனே அவந்தான். நான் திரும்பி நொண்டிக்கிட்டுப் போய் நின்னா ஆரத்தியா எடுப்பான்?

எங்க துரை புதுசா ஒரு காடி வாங்கியிருந்தாரு. கறுப்புன்னா கறுப்பு, எண்ண தேச்சுக் குளிச்ச எரும மாதிரி. மொத நாள் அது தோட்டத்துக்குள்ள வந்தப்ப எங்க கங்காணி துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு அதக் கும்புட்டாரு. உள்ள துரை இல்ல. காடி மட்டுந்தான் நிக்குது, பளபளன்னு. "துரை இல்லியே கங்காணி"ன்னு யாரோ சொன்னதுக்கு, "இருக்கட்டும்டா, அது போய்ச் சொல்லும்"னாரு.

அந்தக் காடி வந்தா ஒரு சட்டம் உண்டு. சைக்கிள்ல போறவன் எறங்கணும். கொடை புடிச்சவன் மடக்கணும். தலையில சொம வச்சவ சொமய எறக்கிட்டு, சடக்கு ரோட்ட விட்டுக் கீழ காண்டாப் பள்ளத்துல எறங்கி நின்னு சலாம் போடணும். மழையா இருந்தாலும் கொடைய மடக்கணும். மழைக்குத் துரை மேல என்ன கோவமோ.

ஒரு ஞாயித்துக்கிழம பாலோ கடைக்குப் போயிட்டுத் திரும்பி வரேன். தலையில கூட, கூடைக்குள்ள கருவாடு, உப்பு, ஒரு போத்தல் மண்ணெண்ண. பின்னாடி காடிச் சத்தம். நான் ஒழுங்கான பொம்பள. கூடய எறக்கி வச்சேன். காண்டாவுல எறங்குனேன். சேலத் தலப்ப சரி பண்ணிக்கிட்டு, கையத் தூக்கி சலாம் போட்டேன். காடி என்னப் பாத்து வந்துச்சு. பதில் சலாம் போட வருதுன்னு நெனச்சேன். வந்துச்சு, வந்துச்சு, காண்டாவுக்குள்ளயே வந்துருச்சு!

எப்புடி விழுந்தேன்னு தெரியாது. கண்ணத் தொறந்தா எடது முழங்காலு ஒரு பக்கம் பாக்குது, பாதம் இன்னொரு பக்கம் பாக்குது. எனக்கு மொதல்ல கருவாட்டு நெனப்புதான். காடியோட முன்னாடி வெளக்கு ஒடஞ்சு கண்ணாடி பூரா காண்டாவுல கெடக்கு. லயத்துல இருந்து சனம் ஓடி வந்துச்சு. எங்கிட்ட ஓடி வரலீங்க. காடிகிட்ட. "ஐயையோ வெளக்கு போச்சே, ஐயையோ வெளக்கு போச்சே"ன்னு கங்காணி மார்ல அடிச்சிக்கிறாரு. துரை எறங்கி வெளக்கப் பாத்தாரு, அப்பறம் என்னப் பாத்தாரு, அப்பறம் திரும்ப வெளக்கப் பாத்தாரு. என்னத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னாரு. காடியில இல்ல, மாட்டு வண்டியில. மெத்த கறயாயிடும்ல.

நான் அங்க கத்திக்கிட்டுக் கெடக்கேன், இங்க லயத்துல கங்காணி கூட்டம் போட்டுட்டாரு. எங்க வீட்டுக்காரரு ரொம்ப சாது. யாரு அதட்டிப் பேசுனாலும் கேட்டுக்குவாரு, என்னத் தவுத்து.

"ஏண்டா, ஒம் பொஞ்சாதி துரை காடிய ஒடச்சிட்டாளே, இப்ப என்னடா செய்யப் போற?"

"அவ எங்க ஒடச்சா கங்காணி? அவ காண்டாவுல..."

"காண்டாவோ கம்பமோ. புதுக் காடியில பொம்பள ரத்தம் பட்டிருக்கு. தோஷம். நாளைக்கி துரைக்கி ஒண்ணு ஆனா ஒன் தலயா என் தலயா? தட்டு வையி, போய்க் கால்ல விழு."

மனுசரு தட்டு வச்சிட்டாரு. எல்லாரும் ஊர்வலமா பங்களாவுக்குப் போயி, காடி முன்னாடி பூசணிக்காயச் சுத்தி ஒடச்சி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு, சூடம் காட்டி, எங்க வீட்டுக்காரரு துரை கால்ல விழுந்து, "பொறுத்துக்குங்க தொரைகளே"ன்னுட்டாரு. அதோட விடல. நான் அடிபட்ட எடத்துக்கு மேல சடக்குலயும் தோஷம் கழிக்கணும்னு பெருக்கி, மஞ்சத்தண்ணி தெளிச்சு, கோலமும் போட்டாங்க. காடிச் சக்கரம் சடக்க விட்டு எறங்கின தடம் இருந்துச்சே, அது கோலத்துக்குக் கீழ போயிடுச்சு. புள்ளி பதினஞ்சு. போட்டவ எங்க அடுத்த வீட்டு அக்காதான், என் மேல உசுரா இருந்தவ.

இதயெல்லாம் ஒரு ஓரமா நின்னு ஒருத்தர் எழுதிக்கிட்டு இருந்தாரு. தோட்டத்துக் கிராணி. ஆபீஸ் கணக்கு, பேர்ப் புத்தகம், கடுதாசி எல்லாம் அவரு கையிலதான். நல்ல மனுசன், பொய் எழுதுனாலும் அழகா எழுதுவாரு. அவரு என்ன எழுதுனாருன்னு பின்னாடிதான் தெரிஞ்சிச்சு. 'பொம்பள சடக்குல குறுக்க ஓடுனா. தப்ப ஒத்துக்கிட்டுப் புருசன் தட்டோட வந்து மன்னிப்புக் கேட்டான்.' தட்டு வச்சா ஒத்துக்கிட்டதுன்னு அர்த்தமாம். சக்கரத்துக்குக் கீழ வச்ச எலுமிச்சம்பழங்கூட சாச்சி.

தோட்டத்து ஆஸ்பத்திரியில எனக்கு என்ன வைத்தியம் நடந்துச்சுன்னா, எல்லாத்துக்கும் ஒரே மருந்து, கசப்புத் தண்ணி. காச்சலுக்கும் அதான், காலு ஒடஞ்சாலும் அதான். நாலாம் நாளு காலு கறுத்துப்போயி வீங்கிடுச்சு. பயந்துபோயி குளுவாங் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க. கூடவே கிராணி எழுதுன ஒரு சீட்டு.

பெரியாஸ்பத்திரியப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். என் வாழ்நாள்ல படுத்துக்கிட்டே சோறு தின்னது அங்கதான். மூணு வேளையும் வருது! நானும் எழுந்திரிக்கல, அடுப்பூதல, வெறகு பொறுக்கல. மீன்கூடப் போட்டாங்க. காலு வலிச்சா வலிக்கட்டும்னு இருந்துச்சு. பக்கத்துக் கட்டில்ல ஒரு சீனத்திக் கெழவி, அவ பாஷ எனக்குத் தெரியாது, என் பாஷ அவளுக்குத் தெரியாது, ரெண்டு பேரும் நாள் பூரா மாமியாளத் திட்டிக்கிட்டுக் கெடந்தோம்.

அங்க மருந்து குடுக்குறவரு ஒரு யாழ்ப்பாணத்து ஐயா. நெத்தியில விபூதி, மூக்குல கண்ணாடி. கிராணி குடுத்த சீட்டப் படிச்சாரு, என் காலப் பாத்தாரு, திரும்பச் சீட்டப் படிச்சாரு.

"என்ன பிள்ளை, வழுக்கி விழுந்ததெண்டு எழுதியிருக்கு?"

"வழுக்கலீங்க. காடி மோதுச்சு."

"எங்க நிண்டனீர்?"

"காண்டாவுல நின்னு சலாம் போட்டேனுங்க."

அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. "சலாம் போட்டவளையே அடிச்சவங்களோ?" அப்பறம் ஆஸ்பத்திரிப் பெரிய புத்தகத்துல காடி மோதிக் காலு ஒடஞ்சுதுன்னு எழுதி எனக்குப் படிச்சும் காட்டுனாரு. கூலியாளுங்க வழக்க விசாரிக்கிற லேபர் ஆபீஸ் துரைக்கு ஒரு மனுவும் எழுதிப் போட்டாரு. கூலி வாங்க மாட்டேன்னுட்டாரு. வீட்டுக்கு அனுப்புறப்ப வெரல ஆட்டிச் சொன்னாரு: "பிள்ளை, ஒரு கடுதாசியிலையும் கைநாட்டு வைக்கப்படாது. விளங்குதோ?"

வெளங்குச்சு. லயத்துக்குக் கக்கத்துல கம்ப வச்சிக்கிட்டு வந்து எறங்குறேன், அன்னிக்குச் சாயங்காலமே கங்காணி வாசல்ல நிக்கிறாரு.

"ஏ புள்ள, நாளைக்கி மத்தியானம் கிராணி ஐயா வருவாரு. ஆஸ்பத்திரி மருந்துக் காகிதமாம். ஒரு கைநாட்டு வச்சிடு."

"மருந்துதான் குடிச்சாச்சே, அதுக்கு எதுக்கு நாட்டு?"

"வைக்காட்டி ஒங்க ரெண்டு பேரு பேருலயும் கோடு. கப்பலு அடுத்த வாரம்." எங்க வீட்டுக்காரரப் பாத்துச் சொல்லிட்டுப் போயிட்டாரு.

அன்னிக்கி எங்க வீட்டுல பெரிய சண்ட. "வச்சிடுடி, போகட்டும்"ங்கிறாரு அவரு. "வச்சா கால் போனது என் தப்புன்னு ஆயிடும், அப்பறம் நொண்டிக்கி எதுக்கு வேலன்னு அதுக்கும் கோடு போடுவாங்க"ங்கிறேன் நான். வச்சாலும் கப்பலு, வைக்காட்டியும் கப்பலு. அடுத்த வீட்டு அக்கா, கோலம் போட்டவ, சொவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து கேக்குறா: "ஏண்டி, வச்ச மாதிரியும் இருக்கணும், வைக்காத மாதிரியும் இருக்கணும். அவ்வளவுதானே?"

பால் மரம் வெட்டுறவங்களுக்குத் தெரியும். மரத்துப் பால் வெரல்ல பட்டுக் காஞ்சா மெல்லிசா தோலாட்டம் ஒட்டிக்கும். அதோட சம்பளத்தன்னிக்கிக் கைநாட்டு வைக்கப் போனா வெறும் மசித் திட்டாத்தான் விழும், ரேக விழாது. கிராணி கத்துவாரு, "பாலத் தொடச்சிட்டு வாங்கடா கழுதைங்களா"ன்னு. மறுநாள் காலையில அக்கா வெட்டு முடிச்சிட்டு வரப்ப தேங்காச் செரட்டையில ரெண்டு சொட்டுப் பால் கொண்டாந்தா. நான் கட்டவெரல்ல தடவி, காய வச்சு, திரும்பத் தடவி, திரும்பக் காய வச்சேன். மொகத்துக்கு மஞ்ச பூசுனப்பகூட அவ்வளவு பதவிசாப் பூசுனதில்ல.

மத்தியானம் கிராணி வந்தாரு. நல்ல வெயிலு, கோட்டு வேற. காகிதத்த நீட்டுனாரு.

"என்னங்க எழுதியிருக்கு?"

"மருந்து வாங்குனதுக்கு அத்தாச்சிம்மா. வையி, வையி, பசிக்குது."

மசியத் தொட்டு வச்சேன். அவரு ஊதுனாரு, மடிச்சாரு, பையில போட்டாரு, போயிட்டாரு. காகிதத்தப் பாக்கவே இல்ல. எதுக்குப் பாக்கணும், எங்க வெரலுதானே, அதுல என்ன பாக்க இருக்கு? அவரு முக்கு திரும்புனதும் நான் வெரல்ல இருந்து பாலுத் தோல உரிச்சேன். மசியோட சேந்து முழுசா வந்துருச்சு, பாம்பு சட்ட உரிச்ச மாதிரி. அக்காவும் நானும் வாயில துணிய வச்சிக்கிட்டுச் சிரிச்சோம் பாருங்க, காலு வலியில அழுததவிட அன்னிக்கித்தான் கண்ணுல தண்ணி ஜாஸ்தி.

மூணாம் நாளு லேபர் ஆபீஸ் துரை வந்துட்டாரு. வெள்ளக்காரரு, ஆனா தமிழ் படிச்சவரு. எங்க படிச்சாரோ! ஆபீஸ் வராந்தாவுல மேச போட்டு ஒக்காந்துக்கிட்டு என்னப் பாத்துச் சொல்றாரு:

"அம்மணி, அஞ்ச வேண்டாம். நிகழ்ந்தவற்றை நிகழ்ந்தவாறே உரைப்பீராக."

அக்கா என் காதுல, "ஏண்டி, இவரு கூத்துல ராசா வேசம் கட்டுறவரா?"ங்கிறா. எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. எங்க வீட்டுக்காரரு பயத்துல அவரும் அதே மாதிரி, "உரைப்போம் தொரைகளே"ன்னுட்டாரு.

நான் நடந்தத நடந்தபடி சொன்னேன். எங்க தோட்டத்துத் துரை சுருட்டுப் புடிச்சிக்கிட்டு வேற எங்கயோ பாக்குறாரு. கிராணி எழுந்தாரு. இங்கிலீசுல ரொம்ப நேரம் பேசுனாரு. லேபர் துரை திரும்பி, "நும் கணவர் தட்டுடன் சென்று பிழை பொறுக்குமாறு வேண்டினாராமே. பிழை நும்முடையது என்பதால் அன்றோ?"ன்னு கேட்டாரு.

பாதி புரியல. தட்டு மட்டும் புரிஞ்சிச்சு.

"ஐயா, நடக்குறப்ப கல்லு தடுக்குனா நாங்க அந்தக் கல்லத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவோம். வெளக்கமாறு கால்ல பட்டாலும் தொட்டுக் கும்புடுவோம். அதுக்காக வெளக்கமாத்துக்கு நான் தப்பு பண்ணிட்டேன்னு அர்த்தமா? கங்காணி தட்டு வையின்னாரு, வச்சோம். அந்தப் பழத்தத் தின்னது யாரு? கிராணி ஐயாவும் கங்காணியும். தப்ப ஒத்துக்கிட்ட பழத்தத் திங்கலாமுங்களா?"

வெளிய நின்ன சனம் எல்லாம் சிரிச்சிருச்சு. கங்காணி துண்ட எடுத்து மொகத்தத் தொடச்சாரு.

அப்பத்தான் கிராணி பையில இருந்து காகிதத்த எடுத்தாரு, சீட்டாட்டத்துல ராசாவப் போடுற மாதிரி. 'காடிக்குக் குறுக்க நானே ஓடுனேன், பத்து வெள்ளி வாங்கிக்கிட்டேன், இனி எனக்கு ஒண்ணும் வேணாம், ஊருக்குப் போயிடுறேன்.' இவ்வளவும் அந்த மருந்து அத்தாச்சியில இருந்துருக்கு! லேபர் துரை காகிதத்த வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சாரு.

"இதில் ரேகை யாதொன்றும் காணோமே."

"கூலிங்களுக்கு வேல செஞ்சு செஞ்சு ரேக தேஞ்சிடுங்க"ங்கிறாரு கிராணி.

லேபர் துரை மசிப் பொட்டியத் தள்ளுனாரு. நான் வச்சேன். விழுந்துச்சு பாருங்க, ஒவ்வொரு கோடும் இழ இழயா! ரெண்டயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாரு.

"இஃது எங்ஙனம், அம்மணி?"

"அன்னிக்கி வெரல்ல பாலு ஒட்டியிருந்துச்சுங்க. கிராணி ஐயா தொடச்சிட்டு வையின்னு சொல்லலியே. பசியில இருந்தாரு. மருந்துக் காகிதம்னாரு, படிச்சுக்கூடக் காட்டல. பத்து வெள்ளிய நான் கண்ணாலயும் பாக்கல."

அந்த மனுசன் மீசைக்குள்ள சிரிச்சாரு. அப்பறம் எழுந்து, கம்பூணி நடக்குற என்னயும் கூட்டிக்கிட்டு, அந்த எடத்தப் பாக்கணும்னு கெளம்பிட்டாரு. சடக்குல கோலம் அழிஞ்சு போயிருந்துச்சு. ஆனா காண்டாவ யாரு பெருக்குனா? சேத்துக்குள்ள கைய விட்டு வெளக்குக் கண்ணாடித் துண்ட அவரே எடுத்தாரு, ஒண்ணு, ரெண்டு, மூணு. சட்டக் கையெல்லாம் சேறு. பெரியாஸ்பத்திரிப் புத்தகத்துல எழுதுனதயும் ஏற்கெனவே வரவழச்சுப் பாத்துட்டாராம். எங்க துரை சுருட்ட கீழ போட்டு மிதிச்சாரு.

முடிவு என்னாச்சுன்னா, வேலைக்குப் போகாத நாளுக்கெல்லாம் கூலி, ஆஸ்பத்திரிச் செலவு அவங்களது, காலு ஒரு வெரக்கட குட்டையாப் போனதுக்கு அறுவது வெள்ளி. செக்ரோல்ல பேரு அப்படியே இருக்கணும், ஒக்காந்து செய்யிற வேலையா குடுக்கணும். கப்பலு எனக்காக நிக்காமப் போயிடுச்சு, நல்லாப் போகட்டும்.

பணம் வருதுன்னு தெரிஞ்சதும் பாருங்க, அடிபட்டப்ப வராத சனம் பூரா வந்துருச்சு. கோயில் காரியக்காரரு வந்து, "மாரியாத்தாதானே காப்பாத்துனா, மணி ஒண்ணு வாங்கிப் போடு"ங்கிறாரு. காப்பாத்துறவ காலோட காப்பாத்தியிருக்கலாம்ல? கங்காணி வந்து, நாந்தானே லேபர் துரை வர வழி செஞ்சேன்னு கூசாம நிக்கிறாரு. எங்க வீட்டுக்காரருக்கு சைக்கிள் ஆச. "சைக்கிள்ல போனா துரை காடியப் பாத்து எறங்கணும்"னேன். லேபர் துரைகிட்ட மொதல்லயே சொல்லிட்டேன், பணம் என் கையிலதான்னு. அவரும், "அவ்வாறே ஆகுக"ன்னுட்டாரு. அதுல ஒரு கறவ மாடு வாங்குனேன். மாட்டுக்கு யாரும் பங்கு கேக்க மாட்டாங்க, சாணி அள்ளணும்ல.

ஒரு மாசம் கழிச்சு, விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக் களத்துக்குப் போனேன். எல்லாரும் வரிசையா நிக்கிறாங்க. எனக்குப் புள்ளக் கொட்டாய்ல ஆயா வேல, ஒக்காந்து பாத்துக்குற வேல. கிராணி லாந்தர வச்சிக்கிட்டுப் பேரு கூப்புடுறாரு. என் பேரு வந்துச்சு. நான் பேசாம நின்னேன். திரும்பக் கூப்பிட்டாரு. எங்க வீட்டுக்காரரு முழங்கையால இடிக்கிறாரு. சும்மா இருங்கன்னேன். மூணாந்தடவ அவரு தல தூக்கி, என்னப் பாத்துக்கிட்டே, நல்லா சத்தமா, முழுப் பேரயும் அப்பம் பேரோட சேத்துக் கூப்பிட்டாரு.

"வந்திருக்கேனுங்க"ன்னேன்.